தாய்மாமன் நடத்திய அமெரிக்கத் தேர்தல்

அன்றைக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில், ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி ஹோலில் இருந்தவர்களின் விபரம் பின்வருமாறு. நான். என் மனைவி யோகா. நியூ ஜேர்சியிலிருந்து வந்திருந்த என் அக்காவின் மகள் ஆரணி. கடை முதலாளி கேதீஸ் அண்ணை (பாதி நேரம் கீழே கல்லாவில், பாதி நேரம் மேலே வாசலில்). ஏழு தாய்மார். நான்கு தகப்பன்மார் (மற்ற மூவருக்கும் ஷிப்ட்). அயர்ன் பண்ணிய சேட்டோடு ஏழு பெடியன்கள். கடைசியாக, ஒரு லப்டொப்பின் திரைக்குள், அமெரிக்காவில் இருந்தபடியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த கரோல் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி.

இப்படி ஆளாளாக எண்ணி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைக்கு லண்டனில் இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும், தாங்களும் அன்று அங்கே இருந்ததாகத்தான் சொல்கிறார்கள். அத்தனை பேரும் இருந்திருந்தால் அந்த ஹோல் கீழே கொத்துரொட்டி போடுகிறவரின் தலையில் இறங்கியிருக்கும்.

நான் பயந்த ஆள். பஸ்ஸில் பரிசோதகர் ஏறினால், பயணக் கார்ட் தட்டியிருந்தும், குற்றவாளியைப்போல எழுந்து நிற்பவன். வாசலில் அரசாங்கத்தின் மண்ணிறக் கடித உறை விழுந்தால் அதை இரண்டு நாள் திறக்காமல் மேசையில் வைத்து, அது ஏதாவது செய்கிறதா என்று பார்ப்பவன். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டது. எங்கள் குடும்பத்தில் ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டுமென்றால் என்னைத் தவிர எல்லோரையும் கேட்பார்கள். ஒரு சோபா தூக்க வேண்டுமென்றால் என்னைத்தான் முதலில் கேட்பார்கள்.

அப்படிப்பட்ட என்னிடம், சட்டம் படித்த ஆரணி ஒரு நாள் சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு, "மாமா, எனக்கு உங்கட உதவி வேணும்" என்றாள். நான் எழுந்து சோபாவைப் பார்த்தேன்.

விஷயம் சோபா இல்லை. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலாம்.

அவள் விளங்கப்படுத்தியதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். அங்கே ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால், கட்சி சார்பில் யார் நிற்பது என்று கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தல் நடக்கும். மாநிலம் மாநிலமாக நடக்கும். ஆரணி வேலை செய்த கட்சியில், வெளிநாடுகளில் வாழ்கிற அமெரிக்கர்களையும் ஒரு மாநிலம்போலக் கணக்கெடுப்பார்கள். (நிலம் இல்லாத மாநிலம். எங்கள் சனத்துக்கு இது விளங்காத விஷயமா என்ன.) ஆரணியின் வேட்பாளர் ஒரு பெண்மணி. அவருக்கு லண்டனில் ஆட்களைச் சேர்க்க வேண்டும். பகுதிக்கு ஒரு பொறுப்பாளர், அவர்களுக்குக் கீழே தொண்டர்கள், அவர்கள் போய்த் தேடிப்பிடிக்க அமெரிக்கப் பாஸ்போட் உள்ள சனங்கள்.

"ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு என்ர மேலதிகாரி கரோல் வீடியோவில வந்து பாப்பா. ஒரு ரீம் இருந்தால் லண்டன் பொறுப்பு எனக்கு. இல்லையெண்டால் அதை பாரிஸில இருக்கிற ஒராளிட்டக் குடுத்திடுவினம். நான் வீட்டை போகவேண்டியதுதான்."

வீடு என்றால் என் அக்கா. நல்ல சட்ட அலுவலக வேலையை விட்டுவிட்டு மகள் தேர்தலுக்குப் போனதில் அக்கா கொதித்துப் போயிருந்தா. அதைவிடப் பெரிய கொதிப்பு, முப்பத்தொரு வயதாகியும் கலியாணத்துக்கு ஓம் சொல்லவில்லை என்பது. கிழமைக்கு ஒரு சாதகக் குறிப்பு ஈமெயிலில் வருமாம்.

அன்று கோப்பை கழுவும்போது ஆரணி சொன்னாள்: "மாமா, சொந்தத்துக்குள்ள நீங்கள் ஒராள்தான் என்னட்ட எப்ப கலியாணம் எண்டு கேக்காத ஆள். அதுதான் இஞ்ச வந்தனான்."

நான் கேட்காததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை, பயம். ஆனாலும் அந்தப் புகழை வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை. இந்தப் பிள்ளைக்காக லண்டன் முழுவதையும் திரட்டிக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் சபதம் எடுத்தேன். என் நாசகாலம் அந்தக் கோப்பை கழுவும் தொட்டியில்தான் தொடங்கியது.

படுக்கப் போகும்முன் அவள் ஒரு எச்சரிக்கையும் தந்தாள். "நீங்கள் அமெரிக்கன் இல்லை. சும்மா உதவி செய்யலாம். ஆனா காசு மட்டும் ஒரு பவுண்கூடச் செலவழிக்கக்கூடாது மாமா. வெளிநாட்டுக்காரர் எங்கட எலெக்சனுக்குக் காசு குடுக்கிறது சட்டவிரோதம்."

சட்டவிரோதம் என்ற சொல்லைக் கேட்டபின் எனக்கு எங்கே நித்திரை.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்து போனோடு உட்கார்ந்தேன். எங்கள் சனத்தில் யாருடைய பிள்ளை எந்த நாட்டில் பிறந்தது என்பது ஓரளவு எனக்குத் தெரியும். முதல் அழைப்பு ஒரு பழைய சிநேகிதனுக்கு.

"மச்சான், ஒரு எலெக்சன் விஷயமா, உங்கட ஆதரவு..."

"காசு சேர்க்கிறியளோ?"

"இல்லை மச்சான், இது அமெரிக்கா..."

"அமெரிக்காவுக்குமோ காசு சேர்க்கிறியள்?" போன் வைக்கப்பட்டது.

அடுத்த நாலு பேரும் அதேதான். லண்டனில் இருக்கிற எங்கள் சனத்திடம் தேர்தல், ஆதரவு, கூட்டம் என்ற மூன்று சொற்களில் எதைச் சொன்னாலும், அவர்களுடைய கை தானாகவே பேர்ஸை மூடிவிடும். அது அவர்களின் பிழை இல்லை. இத்தனை வருடமாக எத்தனை பேர் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

ஆகவே நான் வசனத்தை மாற்றினேன். படிக்காதவன் என்றாலும் எனக்கும் மூளை இருக்கிறது என்று அந்த நேரம் நினைத்தேன். தேர்தலை எடுத்தேன். ஆதரவை எடுத்தேன். கூட்டத்தையும் எடுத்தேன். மிஞ்சியது இவ்வளவுதான்:

"எங்கட அக்காவின்ர மகள் அமெரிக்காவில இருந்து வந்து நிக்கிறா. நல்ல பிள்ளை, லோயர். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒருக்கா வந்து சந்திச்சுப் பாருங்கோவன். தம்பியையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ. அமெரிக்கன் பாஸ்போட் இருந்தால் இன்னும் விசேஷம்."

என்ன மாயம்! ஒருவர்கூட போனை வைக்கவில்லை. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் இருக்கிற பரமேஸ் அக்கா நான் முடிக்கும் முன்பே "ஓம் தம்பி, வாறம்" என்றா. கேள்விகளும் கேட்டார்கள். பிள்ளை என்ன உயரம் என்றார்கள். சைவமா மச்சமா என்றார்கள். (சாப்பாட்டு ஓடருக்காக அதைக் குறித்துக்கொண்டேன்.) பரமேஸ் அக்கா நட்சத்திரம் கேட்டா. அது கொஞ்சம் விசித்திரமாகத்தான் பட்டது. ஆனால் அவ கார் வாங்கும்போதும் நட்சத்திரம் பார்த்தவ. வடமேற்கு லண்டன் ரெய்னர்ஸ் லேனிலிருந்து லீலா ரீச்சர், "தகப்பன் எந்தப் பகுதி?" என்று ஆரம்பித்து ஆரணியின் தகப்பனுடைய பாட்டன்வரை போய் வந்தா. ஜனாதிபதித் தேர்தல் பெரிய விஷயம், விசாரிக்கத்தானே செய்வார்கள் என்று நினைத்தேன். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றிக் கவலைப்பட்ட நான், கவலைப்பட வேண்டிய அந்த ஒன்றைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை.

ஏழு குடும்பம் சேர்ந்தது. ஆரணி என்னைக் கட்டிப்பிடித்தாள். "மாமா, நீங்கள் ஒரு ஜீனியஸ். எப்பிடிச் செய்தனீங்கள்?"

"எங்கட சனத்தோட கதைக்கிற முறை ஒண்டு இருக்குப் பிள்ளை" என்றேன். இந்த வசனத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

கேதீஸ் அண்ணை ஹோலுக்கும் ரோல்ஸ், பற்றிஸ், ரீ எல்லாவற்றுக்கும் முற்பணம் கேட்டார். ஆரணியின் அலுவலகக் காசு வர ஒரு கிழமை ஆகுமாம். "இண்டைக்குத் தராட்டில் ஹோலை வேற ஆளுக்குக் குடுத்திடுவன்" என்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் கார்டை நீட்டினேன். மெஷின் பீப் என்றது. நான் அமெரிக்கச் சட்டத்தை உடைத்த சத்தம் அதுதான்.

ஞாயிறு பின்னேரம் சனம் வரத்தொடங்கியது. பட்டுச் சேலை, காஞ்சிபுரம், நெற்றியில் திருநீறு. கையில் வாழைப்பழத் தட்டு, பூ. பரமேஸ் அக்கா பெரிய கேக் ஒன்றைக் கொண்டுவந்தா. எனக்குக் கண் கலங்கியது. ஆரணிக்கும்தான். "மாமா, அங்க வொலண்டியர்ஸ் வரோணும் எண்டால் நாங்கள் பீட்சா வாங்கிக் குடுக்கோணும். இஞ்ச அவையே கொண்டருகினம்!"

வந்த குடும்பத்தார் ஒவ்வொருவரும் மற்றக் குடும்பங்களைக் கண்டதும் வாசலில் ஒரு கணம் நின்றார்கள். பிறகு ஒவ்வொரு மூலையாகப் பிடித்து, கதிரையைத் திருப்பி, ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். கூச்சம் என்று நினைத்தேன்.

ஆரணி நேரத்தை வீணாக்கவில்லை. ஒரு மேசையில் உட்கார்ந்து, பொறுப்பாளர்களுக்கான நேர்முகத்தைத் தொடங்கினாள். முதல் ஆள் பரமேஸ் அக்காவின் மகன் நிரோஷன். அவனுக்குப் பக்கத்தில் அக்காவும் உட்கார்ந்தா.

"கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் எனக்குத் தர ஏலும்?" என்று ஆரணி கேட்டாள்.

நிரோஷன் தக்காளிப்பழம் மாதிரிச் சிவந்தான். அக்கா முந்திக்கொண்டா. "அவன் வேலை விட்டால் நேர வீடுதான் பிள்ளை. முழு நேரமும் உங்களுக்குத்தான்."

"அருமை. முந்தி அனுபவம் ஏதும் இருக்கோ?"

"சீச்சீ! என்ர பிள்ளை அப்பிடி ஊர் சுத்துற பிள்ளை இல்லை!"

"பரவாயில்லை, நாங்கள் பழக்கி எடுப்பம். அமெரிக்கன் பாஸ்போட் இருக்கோ?"

"பிரிட்டிஷ்தான். நீங்கள் ஸ்பொன்சர் பண்ணினால் எடுக்கலாம்தானே?"

ஆரணியின் பேனை பாதியில் நின்றது. அந்த நேரம் பார்த்து, அக்கா கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துப் பவ்வியமாக முன்னால் வைத்தா. ஆரணி திறந்தாள். பன்னிரண்டு கட்டம். கிழமைக்கு ஒன்றாக ஈமெயிலில் வருகிற அதே கட்டம்.

அவள் தலையைத் தூக்கி ஹோலைச் சுற்றிப் பார்த்தாள். ஏழு தட்டு. ஏழு அயர்ன் பண்ணிய சேட். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வெறும் அதிர்ச்சிதான் இருந்தது.

"மாமா," என்றாள் மெல்லமாக. "நீங்களுமோ?"

எனக்கு இன்னமும் விளங்கவில்லை. விளங்க வைத்தது லீலா ரீச்சர். மூலையிலிருந்து எழுந்து நேராக என்னிடம் வந்தா. வேலையிலிருந்து இளைப்பாறிப் பல வருடமாகியும் அவவைக் கண்டால் என் கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொள்ளும்.

"தம்பி, இது என்ன ஏலமோ? நானும் எத்தினையோ கலியாணம் பேசி முடிச்சிருக்கிறன். ஒரு பொம்பிளைக்கு ஏழு வீட்டுக்காரரை ஒரே ஹோலுக்குள்ள இருத்திப் பற்றிஸ் குடுத்த ஆள் நீர் ஒராள்தான்."

யோகா ஓடிவந்தாள். "இஞ்சேருங்கோ, நீங்கள் என்ன சொல்லி இவையளைக் கூப்பிட்டனீங்கள்?"

எழுத்துத் தவறாமல் ஒப்புவித்தேன். யோகா பக்கத்திலிருந்த கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நீங்கள் அவளின்ர தாய்மாமன். தாய்மாமன் போன் எடுத்து, பிள்ளை வந்து நிக்கிறாள், தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து பாருங்கோ எண்டு சொன்னால், அது என்னப்பா எலெக்சனோ?"

அப்போதுதான் லப்டொப் மணியடித்தது. நாலு மணி. திரையில் கரோல். நிறைந்த ஹோலையும் பட்டுச் சேலைகளையும் கண்டு அவவின் முகம் மலர்ந்தது. கை தட்டினா. ஆரணி அசையவில்லை. அவளுடைய வேலை, என்மேல் அவள் வைத்த நம்பிக்கை, என் அக்காவின் கொதிப்பு எல்லாம் அந்த ஹோலில் ஒன்றாக நின்று என்னையே பார்ப்பதுபோல இருந்தது.

யாராவது உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஹோல் மூலையில் பிறந்தநாள் பாட்டுக்கு வைக்கும் மைக் இருந்தது. எடுத்தேன். அதில் எதிரொலி போட்டிருந்தது எனக்குத் தெரியாது.

"இது பொம்பிளை பாக்கிற அலுவல் இல்லை... இல்லை... இல்லை..."

பின்னாலிருந்த ஒரு தகப்பன் கேட்டார்: "அப்ப என்ன அலுவல்?"

"எலெக்சன்... சன்... சன்..."

நான்கு தகப்பன்மாரும் ஒரே குரலில்: "காசு சேர்க்கிறியளோ?"

கதிரைகள் கிரீச்சிட்டன. அத்தனை விரைவாக ஒரு ஹோல் காலியானதைத் தீ அலாரம் அடித்த நேரத்திலும் நான் கண்டதில்லை. வாழைப்பழத் தட்டுகள் வந்த வழியே திரும்பின. பரமேஸ் அக்கா கேக்கைத் தூக்கிக்கொண்டு, மகனையும் இழுத்துக்கொண்டு படியிறங்கினா. வாசலில் நின்ற கேதீஸ் அண்ணை ஒவ்வொருவரையும் "போட்டு வாங்கோ" என்று வழியனுப்பினார். என்னைப் பார்த்து, "அப்ப ரீ போடுறதோ, விடுறதோ?" என்றார்.

கரோல் திரையிலிருந்து என்ன நடக்கிறது என்று கேட்டா. ஆரணி பொய் சொல்கிற பிள்ளை இல்லை. ஒரு மூச்சு எடுத்து, இவர்கள் எல்லோரும் தன்னைக் கலியாணம் பேச வந்தவர்கள், தேர்தல் என்று ஒருவருக்கும் தெரியாது, தன் மாமா கூப்பிட்ட விதத்தில் பிழை என்று முழுவதையும் சொன்னாள். நான் மைக்கை நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன்.

கரோல் திரைக்குக் கிட்ட வந்தா. பிறகு மெதுவாகக் கேட்டது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஏழு குடும்பத்தைக் குளித்து, உடுத்து, சொந்தச் சாப்பாட்டோடு, சொன்ன நேரத்துக்கு வரச்செய்த அந்த மனிதர் யார்?

ஆரணி என்னைக் காட்டினாள். நான் கீழே குனிந்தேன்.

ஹோலின் மூலையில் இரண்டு பேர் மட்டும் எழும்பாமல் இருந்தார்கள். லீலா ரீச்சரும் அவவின் மகனும்.

"ரீ வரட்டும்," என்றா ரீச்சர். "ரெய்னர்ஸ் லேனில இருந்து வந்திட்டு ரீ குடிக்காமப் போக ஏலாது. பிள்ளை, இஞ்ச வாரும். உம்மட ஆள் வெல்லுமோ?"

"கஷ்டம் ரீச்சர்," என்றாள் ஆரணி.

"பிறகு ஏன் மினக்கெடுறீர்?"

"நல்ல ஆள் ரீச்சர்."

ரீச்சர் யோசித்தா. "இதை முதலே சொல்லியிருக்கலாம். எனக்கு எங்கட ஹரோப் பக்கம் தாரும். ஆனா உம்மட மாமாவைப் போனுக்குக் கிட்ட விடக்கூடாது."

அதுவரை வாய் திறக்காத அவவின் மகன் தொண்டையைச் செருமினான். "எனக்கு அமெரிக்கன் பாஸ்போட் இருக்கு. அப்பா அங்க படிக்கேக்க பிறந்தனான்."

ஆரணியின் முகத்தில் வந்த சந்தோசத்தை என் அக்கா பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே நாள் குறித்திருப்பா. "அப்ப உங்களுக்கு வோட் இருக்கு!" என்று துள்ளினாள். அவன் பயந்து கதிரையைப் பின்னுக்கு இழுத்தான்.

கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம். நிரோஷன். தாயைக் காருக்குள் இருத்திவிட்டுத் தனியாகத் திரும்பி வந்திருந்தான். கையில் அந்தக் கேக்.

"வொலண்டியர் வேலை உண்மையான வேலைதானே?" என்று கேட்டான். "அனுபவம் இல்லை."

மூன்று பேரும் ஒரு கேக்கும். அன்றைக்கு லண்டனில் எங்கள் பலம் அவ்வளவுதான். ஆனாலும் கரோல் லண்டன் பொறுப்பை ஆரணிக்கே கொடுத்தா.

ரோல்ஸ் தட்டுகளைக் குசினிக்குக் கொண்டுபோகும்போது ஆரணி என் பின்னால் வந்தாள். "அம்மாவோட சேர்ந்துதான் இதைச் செய்தனீங்களோ? உண்மையைச் சொல்லுங்கோ."

"பிள்ளை, உன்ர அம்மாவுக்குப் போன் எடுக்கவே எனக்குப் பயம். அவவோட சேர்ந்து எப்பிடிச் சதி செய்யிறது?"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள், தட்டுக் கீழே விழுமளவுக்கு. என் நேர்மையை அவள் நம்பினாளா தெரியாது. என் பயத்தை நம்பினாள்.

அந்தச் சிரிப்பில் துணிவு வந்து, முற்பணம் கட்டிய விஷயத்தையும் சொல்லிவிட்டேன். சிரிப்பு அந்த இடத்தில் அறுந்தது. ஏழு மாப்பிள்ளைகளைக் கண்டபோதுகூட அவள் முகம் அப்படி வெளுக்கவில்லை.

"மாமா! நீங்களோ கட்டினது? உங்கட கார்ட்டிலயோ? ஐயோ, நீங்கள் வெளிநாட்டுக்காரர்!"

முப்பது வருடமாக லண்டனில் அந்தச் சொல்லைப் பலவிதமாகக் கேட்டிருக்கிறேன். சொந்த மருமகளின் வாயால், அமெரிக்காவின் சார்பில் கேட்பேன் என்று நினைக்கவில்லை. அந்தக் காசை உடனே எனக்குத் திருப்பித் தரச் சொல்லி அவள் அன்றே அலுவலகத்துக்கு எழுதினாள். அது வந்து சேரும்முன், லண்டனில் ஒரு வோட்டும் விழும்முன், எங்கள் வேட்பாளர் காசில்லாமல் போட்டியிலிருந்து விலகிவிட்டார். (லீலா ரீச்சர் ஒரு கிழமை ஒருவரோடும் பேசவில்லை. ஹரோவில் ஒரு ரீம் சேர்த்து முடித்திருந்தாவாம்.) தேர்தல் அலுவலகத்தின் கடன்கள் ஒழுங்குமுறைப்படி தீர்க்கப்படும், தயவுசெய்து காத்திருக்கவும் என்று எனக்கு ஒரு ஈமெயில் வந்தது. காத்திருக்கிறேன்.

ஆரணி இப்போது நியூ ஜேர்சியில் நகரசபைக்கு ஆட்களை நிறுத்துகிற வேலை செய்கிறாள். போன மாதம் போன் எடுத்தாள். "மாமா, நான் லண்டன் வாறன். ஒராளையும் கூட்டிக்கொண்டு வாறன். நல்ல பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒருக்கா வந்து சந்திச்சுப் பாருங்கோவன்."

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "பிள்ளை... மாப்பிள்ளையோ, வேட்பாளரோ?"

மறுபக்கம் ஒரே சிரிப்பு. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். என் அக்காவும் சிரித்தா. இப்போது எங்கள் குடும்பத்தில் யார் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் முதல் கேள்வி இதுதான். போன கிழமை எங்கள் வீட்டுக்குக் கொதிகலன் திருத்த வந்தவரைப் பார்த்தும் யோகா கேட்டாள்.

நான் மட்டும் இன்னும் முழுதாகச் சிரிக்கவில்லை. மண்ணிறக் கடித உறை விழும்போதெல்லாம் அது வாஷிங்டனிலிருந்து வந்ததா என்று முத்திரையைப் பார்க்கிறேன். அந்தக் காசு திரும்பி வரும்வரை, பார்க்கிங் பகுதியில் ஒரு காஷ் அண்ட் கரி மொத்தக் கடையில் அரிசி மூட்டை இறக்குகிற நான், அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் தலையிட்ட ஒரு வெளிநாட்டுச் சக்தி. அமெரிக்கா எனக்குத் தரவேண்டிய பாக்கி: முந்நூற்று நாற்பத்தாறு பவுண், ஐம்பது பென்ஸ்.